மாட்டுக்குச் சோறு போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் மூன்று மாடு வைத்துப் பிழைக்கிறவள். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டப் போவார், நான் மாட்டுப்பால் கறப்பேன். இரண்டு பாலையும் வைத்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தோம். உங்கள் பேப்பரை பால் சொசைட்டியில் வரிசையில் நிற்கும்போது வாசிப்பேன். வரிசை நீளமாக இருக்கிற அன்று ராசிபலன் வரைக்கும் வாசித்துவிடுவேன்.

சென்ற வாரம் கல்யாண மண்டபங்களில் மீந்துபோகிற சாப்பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். மீந்ததைச் சில இளைஞர்கள் எடுத்துக்கொண்டுபோய் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறார்கள் என்று வாசித்தபோது மனசு நிறைந்தது. ஆனால் கடைசி வரியில், மனிதர் சாப்பிட முடியாத நிலைக்கு வந்த சோற்றைக் கால்நடைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். அதே நாளில் வேறொரு வாசகர், "புல்லைத் தின்று பால் தருகிற பசுவுக்கு அப்படி என்ன செலவு, பால் விலையை ஏன் கூட்டிக் கேட்கிறார்கள்?" என்று எழுதியிருந்தார். அவருக்கும் இதிலேயே பதில் எழுதிவிடுகிறேன், இரண்டு தபால்தலை எதற்கு.

எங்கள் தொழுவத்தில் கொச்சு என்று ஒரு பசு நின்றது. ஜெர்சி கலப்பு, செவலை, இரண்டாம் ஈத்து. நேரத்துக்கு ஆறு லிட்டர் தவறாமல் கறக்கும். நான் மடியைத் தொடாமல் வாளியை மட்டும் வைத்தாலே தலையைத் திருப்பி ஒரு பார்வை பார்க்கும். ஐந்து வருடம் முன்பு, பக்கத்து விளையில் ஒரு கல்யாணம். அவியல், எரிசேரி, புளிசேரி, அடப்பிரதமன் என்று ஒன்றுக்கும் குறைவில்லை. மழை பிடித்துக்கொண்டதால் ஆள் வரத்து குறைந்து, இரண்டு அண்டா சோறு மீந்துவிட்டது. "அக்கா, இதை மாட்டுக்குக் கொண்டு குடுங்க, புண்ணியமாவது கிடைக்கட்டும்" என்றார்கள். எனக்கும் அன்றைக்குத் தீவன மூட்டை தீர்ந்திருந்தது. சும்மா வருகிறதே என்ற ஆசை. பருப்பும் பாயசமும் கலந்த சோற்றைக் கொச்சுவுக்கு இரண்டு வாளி வைத்தேன். மற்ற இரண்டுக்கும் அரை அரை வாளி. கொச்சு வாளியை நக்கி, உருட்டி, தொழுவத்தின் ஓரம் வரை தள்ளிக்கொண்டு போனது. சிரித்துக்கொண்டே பார்த்து நின்றேன்.

விடிகாலை கறக்கப் போனால் கொச்சு அசைபோடவில்லை. மாடு வளர்க்கிறவர்களுக்குத் தெரியும், தொழுவத்தில் அந்தத் தாடை ஆடுகிற சத்தம் இல்லாவிட்டால் வீட்டில் கடிகாரம் நின்றதுபோல் இருக்கும். இடது பக்கத்து வயிறு தூக்கிக்கொண்டு நின்றது. தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம். சாணி மஞ்சளாக, தண்ணியாக, சோற்றுப் பருக்கையோடு போனது. மணம் புளித்த மாவு மணம். மத்தியானத்துக்குள் படுத்துவிட்டது, கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு. டாக்டர் வந்து குளுக்கோஸ் பாட்டில் ஏற்றினார், குழாய் வழியாகச் சோடா உப்புத் தண்ணீர் விட்டார். மற்ற இரண்டும் பிழைத்தன. கொச்சு மறுநாள் ராத்திரி போய்விட்டது.

நான் அழுதுகொண்டே, "டாக்டரே, யாராவது விஷம் கலந்துட்டாங்களா?" என்று கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அம்மா, மாட்டுக்கு இருக்கிறது நம்ம வயிறு மாதிரி வயிறு இல்ல. அது ஒரு ஊறல் பானை. நீங்க அதுல கள்ளு ஊற வைச்சிட்டீங்க" என்றார்.

அதற்குப் பிறகு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் இதைப் படம் போட்டே காட்டினார்கள். மாட்டின் இரைப்பை நான்கு அறை. முதல் அறையே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும், நம் வீட்டுத் தண்ணீர் டிரம் அளவு. புல்லைச் செரிக்கிற சக்தி மாட்டுக்கே கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அந்த அறைக்குள் கோடி கோடியாக இருக்கிற கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் புல்லின் நாரை உடைத்துச் சத்தாக மாற்றுகின்றன. அவற்றுக்கு மாடு சாப்பாடு போடுகிறது, அவை மாட்டுக்குச் சாப்பாடு போடுகின்றன. அதோடு விடுவதில்லை, அந்த நுண்ணுயிர்களே அடுத்த அறைகளுக்குப் போய்ச் செரித்து மாட்டுக்குப் புரதமாகின்றன.

மாடு முதலில் அவசர அவசரமாக விழுங்கும். பிறகு படுத்துக்கொண்டு ஒவ்வொரு கவளமாக வாய்க்கு வரவழைத்து மெல்லும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இந்த வேலைதான். மெல்ல மெல்ல எச்சில் ஊறும், நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல். அந்த எச்சிலில் சோடா உப்பின் குணம் இருக்கிறது. வயிற்றில் புளிப்பு ஏறாமல் காப்பது அதுதான். சோற்றுக்கு மெல்லவும் வேண்டாம், எச்சிலும் வேண்டாம். வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சில மணி நேரத்தில் புளித்து அமிலமாகிவிடும். அந்தப் புளிப்பில் நல்ல நுண்ணுயிர்கள் செத்துவிடும். புளிப்பைத் தாங்குகிறவை மட்டும் பெருகி இன்னும் புளிக்க வைக்கும். வயிற்றுச் சுவர் வெந்து, அமிலம் ரத்தத்தில் ஏறும். சோறுதான் என்றில்லை. பரோட்டா, இட்லி மாவு, அரிசி மாவு, பழுத்த சக்கை (பலாப்பழம்), எதுவும் அளவு மிஞ்சினால் இதே கதிதான். 2024 ஜூனில் கொல்லம் மாவட்டத்துப் பண்ணை ஒன்றில் பரோட்டா கூடுதலாகத் தின்று ஐந்து பசுக்கள் செத்த செய்தி வந்ததே, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அப்படியானால் நம் அம்மாக்கள் கஞ்சித்தண்ணி கொடுத்து வளர்க்கவில்லையா?" என்று கேட்பீர்கள். வளர்த்தார்கள். நானும் கொடுக்கிறேன். கழுநீரும் கஞ்சித்தண்ணியும் தவிட்டைக் கரைக்கத்தான், அதுவும் தினமும் ஒரே அளவு. வயிற்றுக்குள் இருக்கிற கூட்டத்துக்கு ஒரு தீனி பழக 10 நாளாவது வேண்டும். புதுத் தீவனமானாலும் முதல் நாள் ஒரு பிடி, மறுநாள் இரண்டு பிடி என்றுதான் மாற்ற வேண்டும். திடீர் விருந்துதான் ஆகாது.

இனி, செலவு என்ன என்று கேட்ட வாசகருக்கு வருகிறேன்.

ஐயா, பசு புல் தின்னும், சரிதான். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்குப் பச்சைப்புல் 25 கிலோவாவது வேண்டும். ஒரு சாக்கு நிறைய அல்ல, இரண்டு சாக்கு. அந்தப் புல் எங்கே இருக்கிறது என்று ஒரு நாள் வந்து காட்டிவிட்டுப் போனால் உபகாரமாக இருக்கும். என் மாமியார் காலத்தில் எங்கள் ஊர் ஏலாவில், அதாவது வயல்வெளியில், கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது. வரப்புப் புல்லும் வைக்கோலும் கேட்காமலே கிடைத்தன. இப்போது அதில் பாதி ஏத்தன் வாழை, பாதி வீடு. வைக்கோல் லாரியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வருகிறது. ரப்பர் தோட்டத்தில் மரம் சின்னதாக இருக்கும்வரை தரையில் பயற்றங்கொடி படரவிடுவார்கள், அது மாட்டுக்கு நல்ல தீனி. மரம் வளர்ந்து நிழல் மூடினால் அதுவும் இல்லை. ஆகவே வீட்டுக்குப் பின்னால் 8 சென்டில் கோ-4 புல் நட்டிருக்கிறேன். வேலியில் சீமை அகத்தி (கிளைரிசிடியா). அந்தப் புல்லையும் இளசாக அறுத்தால்தான் மாடு தின்னும், முற்றினால் மூங்கில் மாதிரி நிற்கும், மாடு என்னைப் பார்க்கும், நான் அதைப் பார்ப்பேன்.

வைக்கோல் வயிற்றை நிறைக்கும், மடியை நிறைக்காது. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூன்று வாரம் மூடி வைத்துக் கொடுத்தால் சத்து கூடும். செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் யூரியாவை நேராகத் தீனியில் போட்டால் அன்றைக்கே மாடு விழும். இதை வாசித்துவிட்டு யாரும் கையளவில் முயற்சி செய்ய வேண்டாம், கால்நடை மருத்துவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

மூட்டையில் வருகிற அடர்தீவனத்தின் கணக்கு இது: உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. 10 லிட்டர் கறக்கிற பசுவுக்கு ஐந்தரைக் கிலோ ஆயிற்று. நான் கடைசியாக வாங்கியபோது கிலோ 30 ரூபாயை ஒட்டி. அதுவே 165 ரூபாய். வைக்கோல், தாது உப்பு, தேங்காய்ப் பிண்ணாக்கு எல்லாம் சேர்த்தால் 220ஐத் தொடும். அரசு 2022 நவம்பரில் ஆவின் கொள்முதலுக்குப் பசும்பால் லிட்டருக்கு 35 ரூபாய் என்று ஏற்றியது, 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. பெருக்கிப் பார்த்தால் மீதி 160 ரூபாய். அதில் என் கூலி, ஊசி, மருந்து, கறவை வற்றிய இரண்டு மாதத் தீனி, கன்றின் தீனி. இந்த 160 ரூபாய்க்கு நான் காலை மூன்றரைக்கு எழுகிறேன். தண்ணீரை மறந்துவிட்டேன் பாருங்கள். ஒரு லிட்டர் பாலுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் மாடு குடிக்கும். கிணறு வற்றுகிற மாசியில் எங்கள் வீட்டில் மாடுதான் முதலில் குடிக்கும், மனுஷர் பிறகு.

புல்லிலும் இலையிலும் எல்லாமே நல்லது என்பதில்லை. நம் மாவட்டத்துக்கென்றே ஒன்று இருக்கிறது, மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூரில் இதைப் பரப்பினார் என்று சொல்வார்கள். உலக யுத்தக் காலத்தில் பர்மா அரிசி நின்றபோது நம் மக்களின் உயிரைக் காப்பாற்றிய கிழங்கு. நாம் அவித்து, தண்ணியை ஊற்றிவிட்டுத் தின்கிறோம். மாடு கட்டறுத்துப் போய் மரச்சீனிக் கம்பின் தளிரை வயிறு நிறைய மேய்ந்தால் கால் மணி நேரத்தில் வாயில் நுரை தள்ளி மூச்சு வாங்கும். இலையிலும் தோலிலும் சயனைடு விஷமாக மாறுகிற பொருள் இருக்கிறது. ரப்பர் இலையிலும் கொட்டையிலும் அதே பொருள்தான். விஷம் ஏறினால் ரத்தத்தில் பிராணவாயு இருக்கும், உடம்பால் அதை எடுக்க முடியாது. அதற்கு மாற்று ஊசி உண்டு, ஆனால் டாக்டர் உடனே வர வேண்டும். நறுக்கி நல்ல வெயிலில் சருகாகக் காயவிட்டால் விஷம் பெரும்பாலும் போய்விடும். பாதி வாடியதைத்தான் நம்பக் கூடாது. சேனல்காரர்கள் காட்டுகிற மரச்சீனியும் பீஃபும் என்ற ஜோடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். தட்டில் பக்கத்தில் இருக்கிற கிழங்கு, தோட்டத்தில் அந்த மாட்டையே கொல்லும்.

பீஃப் என்று எழுதிவிட்டேன், இனி அதையும் சொல்லாமல் விட்டால் பயந்துவிட்டாள் என்பார்கள். என் கொழுந்தன் மார்த்தாண்டம் பக்கம் இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். நான் பால் ஊற்றுகிறவள், அவர் இறைச்சி விற்கிறவர், ஒரே குடும்பம். பசுவைக் கும்பிடுகிற வீட்டுக்கும் என் பால் போகிறது, ஞாயிற்றுக்கிழமை அவர் கடையில் வரிசை நிற்கிற வீட்டுக்கும் போகிறது. பிடிக்காதவர்களை யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் இரண்டு பக்கத்துக்காரர்களும் என்னிடம் கேள்வி கேட்பார்கள். "நீ தின்பியா?" என்பது முதல் கேள்வி. தின்பேன். நான் வளர்த்ததைத் தின்ன மாட்டேன். இது நியாயமா என்று கேட்டால் எனக்கே தெரியவில்லை, வாய் அப்படிப் பழகிவிட்டது.

"பசுவா வெட்டுகிறார்கள்?" என்று நாகர்கோவிலில் வீடு கட்டிக் குடிவந்த ஒரு மாமி கேட்டார். நம் மாநிலத்தில் பசு, கிடாரி வதைக்கு 1976லேயே தடை அரசாணை வந்துவிட்டது. காளை, எருமைக்கும் 1958ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. 10 வயது தாண்டி, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்றோ, காயத்தாலும் தீராத நோயாலும் நிரந்தரமாக உதவாமல் போனது என்றோ சான்றிதழ் வேண்டும். இங்கிருந்து வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறதும் எருமை இறைச்சிதான், பசு இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை. இதைச் சொன்னதும் அந்த மாமி, "அதுதான் இறைச்சி வேகவே மாட்டேங்குதா?" என்றார். மாமி இறைச்சி வாங்குகிறவர் என்று அப்போதுதான் தெரிந்தது! உண்மையும் அதுதான். பத்து வருடம் நடந்த, இழுத்த தசை குக்கரில் நாலு விசிலுக்கு மசியுமா? மெதுவாக வேக வைத்தால்தான் அந்த நார் பசையாகக் கரையும். பச்சைப் பப்பாளிக்காய் ஒரு துண்டு அரைத்துப் பிசறி வையுங்கள், ஓரளவு மசியும். நன்றாக வேக வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு, அரைவேக்காட்டு மாட்டிறைச்சியில் நாடாப்புழு வரலாம்.

பால் மட்டும் குடிக்கிறவர்கள், "எங்களுக்கும் வெட்டுக்கும் சம்பந்தம் இல்லை" என்பார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை, ஆனால் கணக்கை ஒளிக்கவும் மாட்டேன். பசு கன்று போட்டால்தான் பால். சினை ஒன்பது மாதம் ஒன்பது நாள். பிறக்கிற கன்றில் பாதி காளை. இப்போது ஏர் இல்லை, வண்டி இல்லை, சினைக்கு ஊசி. எங்கள் தொழுவத்தில் காளைக்கன்று விழுந்தால் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் பீடி பற்ற வைப்பார். அந்தக் கன்றுகள் எங்கே போகின்றன என்று பால் வாங்குகிற யாரும் என்னிடம் கேட்டதில்லை. கிடாரியே பிறக்கும்படி பிரித்த விந்து ஊசி வந்திருக்கிறது, பத்துக்கு ஒன்பது தப்பாது என்கிறார்கள். இரண்டு முறை போட்டேன், இரண்டும் கிடாரி. 2017 மே மாதம், வெட்டுக்கென்று சந்தையில் மாடு விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டது. அதை மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் ஒரு வாரத்தில் நிறுத்திவைத்து, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுத்தத்தை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அந்தச் சமயத்தில் தொழுவத்தில் நின்ற கிழ எருமைக்கு வியாபாரி சொன்ன விலையைக் கேட்டு, வைக்கோலுக்குக்கூட ஆகாதே என்று திருப்பி அனுப்பினேன். அதற்குத் தீனி போட்டதும் நான்தான்.

மாட்டைத் தின்னலாமா கூடாதா என்று டீக்கடையில் சண்டை நடக்கும். மாடு என்ன தின்றது என்று கேட்க ஆள் இல்லை. பாலானாலும் இறைச்சியானாலும் அதுதானே நம் வாய்க்கு வருகிறது? பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கைக் கொடுத்தால் அதன் நச்சு பாலில் இறங்கும், காய்ச்சினாலும் போகாது. மலிவாகக் கிடைக்கிறது என்று கருத்துப்போன பிண்ணாக்கை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் வாங்கியவள்தான். மடிநோய்க்கு ஊசி போட்டால் டாக்டர் சொல்கிற நாள்வரை அந்தப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றக் கூடாது. தென்னை மூட்டில் ஊற்றுகிறேன். ஊற்றும்போது கை நடுங்கத்தான் செய்யும், ஒரு நாளைக்கு 400 ரூபாய் அல்லவா?

என் மகள் இங்கிலாந்தில் நர்சு. 1986ல் அங்கே மாடுகள் தள்ளாடி விழத் தொடங்கினவாம். பைத்தியமாடு நோய் என்று பெயர். மாட்டின் இறைச்சி, எலும்புக் கழிவைத் தூளாக்கி மாட்டுத் தீவனத்திலேயே கலந்து கொடுத்திருக்கிறார்கள். புல் தின்கிற உயிருக்குத் தன் இனத்தையே ஊட்டியிருக்கிறார்கள். 1988ல் அந்தத் தீவனத்தைத் தடை செய்தார்கள், 1996ல் அது மனிதருக்கும் வந்ததாக அந்த அரசே ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் அந்த நோய் வந்ததில்லை. நம் மாடுகள் பிண்ணாக்கும் வைக்கோலும் தின்றதுதான் நம்மைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

கொச்சு செத்த அன்று ஒருவர் வந்து, "சும்மா புதைக்கிறதுக்கு எனக்குத் தந்தா நான் எடுத்துக்கிறேன்" என்றார். கொடுக்கவில்லை. தானாகச் செத்த மாட்டை அறுக்கவும் கூடாது, தின்னவும் கூடாது. அடைப்பான் நோயாக இருந்தால் அறுத்த இடத்து மண்ணில் அதன் வித்து பல வருடம் கிடக்கும், அறுத்தவருக்கும் தொற்றும். ஆழக் குழி எடுத்துச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து, மேலே ஒரு தென்னம்பிள்ளை வைத்தோம். போன வருடம் பாளை விட்டது.

பேரன் விடுமுறைக்கு வந்தபோது மாட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மச்சி, மேல்பல்லு எல்லாம் விழுந்துபோச்சு!" என்று கத்தினான். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது, தடித்த ஈறுதான். நாக்கைச் சுழற்றி வாரி இழுத்து விழுங்கும். வாயில் வருவதைப் பொறுக்கிப் பார்க்கிற பழக்கம் அதற்கு இல்லை. அதனால்தான் மண்டபத்துச் சோற்றோடு வருகிற பிளாஸ்டிக் கரண்டி, கேரி பை, பூமாலைக் கம்பி, குண்டூசி எல்லாம் உள்ளே போகிறது. பிளாஸ்டிக் முதல் அறையிலேயே கட்டியாகக் கிடக்கும், வெளியே வராது. கம்பி இரண்டாம் அறையில் தங்கும். அந்த அறைக்கு நேர் முன்னால்தான் இதயம். மாடு அசைபோடும்போது கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இதயத்தில் குத்தும். 2019 ஜனவரியிலிருந்து கேரி பைக்குத் தடை இருக்கிறது. எங்கள் ஊர்ச் சந்தைக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆசிரியர் ஐயா, கடிதம் நீண்டுவிட்டது. முழுக்கப் போட இடம் இருக்காது. அப்படியானால் கீழே உள்ளதை மட்டும், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில் போட்டால் போதும்.

கல்யாண வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு: மீந்த சோறு, பாயசம், பரோட்டா எதையும் வாளிக்கணக்கில் மாட்டுக்கு வைக்காதீர்கள். கொடுக்க ஆசை இருந்தால் வாழைத்தண்டு, காய்கறித் தோல், சாப்பிட்ட இலைகளைச் சோறு போகக் கழுவிக் கொடுங்கள். கேரி பையில் கட்டிக் கொடுக்காதீர்கள், கம்பியும் ஊசியும் இருக்கிறதா என்று பாருங்கள். அமாவாசைக்கு அகத்திக்கீரை கொடுக்கிறவர்கள் ஒரு கட்டோடு நிறுத்துங்கள், வரிசையாகப் பத்துப் பேர் கொடுத்தால் அதுவும் வயிற்றை ஊத வைக்கும். மாடு தெரியாமல் சோறு தின்றுவிட்டால் அசைபோடுகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள், கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962க்கும் போன் பண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு பால்காரி,
திருவட்டாறு வட்டம்.
(பெயர் போட வேண்டாம். கொச்சுவுக்குச் சோறு கொடுத்த வீட்டுக்காரர்களும் உங்கள் பேப்பர்தான் வாசிக்கிறார்கள். அவர்கள் நல்லவர்கள், தினமும் என்னிடம் ஒரு லிட்டர் வாங்குகிறார்கள்.)